முடிச்சில்லாத தையல்

உங்கள் தேநீரில் புதினா போதாது ஐயா. பரவாயில்லை, சூடாக இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எனக்கு எதையும் இழுத்தடிக்கிற பழக்கம் இல்லை.

என் அக்கா பத்தூல் எங்கள் ஃபெஸ் நகரத்துப் பூத்தையலை இணையத்தில் கற்றுக்கொடுக்கிறாள். வெள்ளைத் துணி, நீல நூல், முடிச்சே கிடையாது. துணியைத் திருப்பினால் பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்க வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு முப்பத்தோரு பெண்கள் திரைக்கு முன்னால் ஊசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். கேமரா கைகளை மட்டும்தான் காட்டும். முகம் காட்டுவது அக்காவுக்குப் பிடிக்காது. நான் நூல் கோத்துக் கொடுப்பேன், தேநீர் வைப்பேன். இருவரும் ஒரே அம்மாவிடம் ஊசி பிடித்தவர்கள். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் பரிசோதனைக்குப் போய் வந்த அன்று அவளுக்குப் பார்வை மங்கலாக இருந்தது. "இன்னிக்கு மட்டும் நீ உக்காந்து தைடி ரகியா, நான் பேசிக்கிறேன்" என்றாள். பேசியது அவள், தைத்தது நான். ஒருத்திக்கும் தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் லியோனிலிருந்து ஒடில் என்கிற மாணவி, எங்கள் ஊர் மரியாதைச் சொல்லோடு எழுதியிருந்தாள்: லல்லா பத்தூல், இன்று உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எவ்வளவு அழகு. ஐம்பத்திரண்டு வயதில் என் கைக்கு வந்த முதல் பாராட்டு, அதுவும் அக்கா பேரில். அதை மூன்று தடவை படித்தேன். அடுத்த வாரம் அவளுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. "எந்திரிடி, போய் டீயப் பாரு" என்றாள். எழுந்தேன்.

கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தார், காலையும் மாலையும். போடாமல் விட்டால் பார்வை ஓரத்திலிருந்து போகும், போனது திரும்பாது என்று என்னிடம்தான் விளக்கினார், போடப்போகிறவள் நான் என்பதால். நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

ரமலானில்கூட நோன்புக்கு ஏற்றபடி நேரத்தை மாற்றிப் போட்டேன். மறுபரிசோதனையை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிவைத்தேன். அக்கா முதலில் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். பிறகு ஊசித் துளையைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டாள். "நீயும் மருந்து தவறாம போடற, இதுக்கு மேல ஆண்டவன் விட்ட வழி" என்பாள்.

சனிக்கிழமைகள் என்னிடம் வந்தன. அவள் குரல், என் கை. எங்களுக்குள் சண்டையே இல்லாத நாட்கள் அவை.

போன வாரம் ஒடில் நேரில் வந்தாள். அக்காவின் கைகளைப் பிடித்து முத்தமிடக் குனிந்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ பாத்த கை இது இல்லம்மா. அதோ டீ ஊத்தறாளே என் தங்கச்சி, அவளோடது. அடுத்த வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

இந்தப் பேச்சை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே பேசியிருக்கலாம். என் வருத்தமெல்லாம் அது ஒன்றுதான்.

ஒடில் நர்ஸ் என்பது எனக்குத் தெரியாது. மாலை வேளைச் சொட்டைத் தானே போடுகிறேன் என்று அலமாரியைத் திறந்தாள். மாதாமாதம் நான் வாங்கி அடுக்கியவை அங்கே இருந்தன, இருபத்து மூன்று புட்டிகள், ஒன்றிலும் முத்திரை உடையவில்லை. ஒன்றைத் திறந்து போட்டாள். அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"எரியுதும்மா. என் தங்கச்சி போட்டா எரியவே எரியாது. அவ கை அவ்வளவு பதம்."

ஒடில் அலமாரியை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தண்ணீர்தான். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீர். சனிக்கிழமைக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. முப்பத்தோரு பேர் காத்திருப்பார்கள், அக்காவால் தனியாக முடியாது, பாவம், கண் தெரியாதவள். நான் அவளைக் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு வருஷத்தில் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.