இடது கண் மட்டும்

வாழ்நாளில் ஒருமுறைகூட நான் கண்ணைக் கசக்கியதில்லை, இன்ஸ்பெக்டர். முப்பத்திரண்டு வருடம் கானா அரசாங்கச் சம்பளத்தில் குமாசியில் கண் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் வராது.

கண் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். கண்ணீரில் கிருமியைக் கொல்லும் சத்து இருக்கிறது. ஒவ்வொரு இமைப்பும் அழுக்கைத் துடைத்துத் தள்ளுகிறது. மேலே கான்டாக்ட் லென்ஸ் ஒட்டிக்கொண்டால் அதன் அடியில் கண்ணீர் சரியாக ஓடாது. கருவிழிக்குக் காற்று குறையும், நுண்ணிய கீறல்கள் விழும். காவலாளியைக் கட்டிப்போட்ட வீடு அது.

அச்சியா என் தங்கை மகள். எங்களில் வாரிசு தாய்வழி. ஊர்ப் பெண்களுக்குத் தலைவியான ராணித்தாய் இறந்ததும், அந்த ஆசனத்தில் அமர எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். துக்கச் சடங்கில் கறுப்பும் சிவப்பும் உடுத்தி, பச்சை லென்ஸ் போட்டுக்கொண்டு ஆடினாள். அரச குலத்தின் மற்றக் கிளைப் பெண்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள்.

"ஏன்டி, பெட்டிக்குள்ள இருக்கற பெரியம்மா இவ கண்ணப் பாத்தா எந்திரிச்சு ஓடிருவாங்கடி."

"அந்த வீட்டுக்காரங்க பூனையவா உக்கார வைக்கப் போறாங்க?"

அன்றே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்தாள்.

"பூனையா? சிறுத்தைன்னு சொல்லச் சொல்லுங்க மாமா. ஆசனத்துல உக்கார்ற அன்னைக்குக் கழட்டிடறேன், போதுமா?"

"நம்ம வீட்டுல சிறுத்தை பொறந்ததில்ல."

"அதான் மாமா, மொத ஆளா நான் பொறந்திருக்கேன்."

குடும்பத் தலைவனிடம் பேசும் பேச்சா அது? ஆனால் பெரியவர்கள் எல்லாரும் அவளைத்தான் விரும்பினார்கள். நான் மறுத்தால் வீடு இரண்டாகும், ஊர் சிரிக்கும். உடலில் குறை உள்ளவர் அந்த ஆசனத்தில் அமரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. யார் மனமும் நோகாது.

மறுநாள் மதியம் ஃபுஃபு உருண்டைக்குத் தொட்டுக்கொள்ள சூப் வைக்க மிளகாய் அரைக்கப் போனவள், லென்ஸைக் கழற்றி டப்பியில் வைத்திருந்தாள். முற்றத்துப் பீப்பாயில் பாசி பிடித்த மழைநீர் கிடந்தது. டப்பியின் இடது குழியில் லென்ஸ் ஊறிக்கொண்டிருந்த மருந்தை வடித்துவிட்டு அதை ஊற்றினேன். இடது குழியில் மட்டும். இரண்டு கண்ணும் போக வேண்டும் என்று நினைப்பவன் கொடியவன்.

செவ்வாய்க்கிழமை கண் சிவந்து என்னிடமே வந்தாள். வேறு யாரிடம் போவாள்? சிவப்பை அடக்கும் சொட்டு மருந்து கொடுத்தேன். கண்ணில் மிச்சமிருக்கும் எதிர்ப்பையும் அது சேர்த்து அடக்கும். லென்ஸைக் கழற்றாதே, தூசி படாமல் மூடியிருக்கும் என்றேன்.

வியாழன் காலையில் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. மாலைக்குள் கண் வெந்த முட்டை போல ஆகிவிட்டது. தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். நானும் தங்கையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்ணே."

"நான் இருக்கேன்ல? பொறு."

வெள்ளிக்கிழமை கருவிழி கிழிந்தது. உள்ளே இருந்தது கன்னத்தில் வழிந்தது. என் தோளில் முகம் புதைத்துக் கத்தினாள். சட்டையை இரண்டு முறை துவைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஆசனம் மற்றக் கிளைக்குப் போய்விட்டது. போகட்டும். அங்கே உட்காருகிறவள் தவறினால் தலைகுனிவு எங்களுக்கு இல்லை.

நேற்று கட்டுப் போட்ட முகத்தோடு அச்சியா கேட்டாள்: "நான் லென்ஸ் போட்டதுனாலதான மாமா இப்படி ஆச்சு? நீங்க அப்பவே சொன்னீங்க."

ஆமாம் என்றேன். பொய் இல்லை. லென்ஸ் போடாத கண்ணென்றால் அந்தத் தண்ணீரைக் கழுவித் தள்ளியிருக்கும்.

சொட்டு மருந்தைக் கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்டதற்கு, என் தங்கை தான்தான் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அவளைக் கூப்பிட்டனுப்பினீர்கள். எங்கள் வீட்டுப் பெண் காவல் நிலையத்தில் நிற்பதா? அதனால்தான் நானே வந்தேன். தண்ணீரும் நான்தான், மருந்தும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயரை மட்டும் அதில் எழுத வேண்டாம். அதற்கு இதுவரை ஒரு களங்கமும் வந்ததில்லை.