உறைந்த ஆற்றில் வழி வைத்தவன்

ஆறு உறைந்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் வசதிதான், கேப்டன். படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஒகையோக் கரையிலிருந்து பன்றி இறைச்சி சறுக்குவண்டியில் அக்கரைக்குப் போகும். அக்கரையான கென்டக்கியிலிருந்து புகையிலை வரும். பத்திரமான வழி தெரிவதற்காக, பனிக்கட்டியில் துளை போட்டு இரண்டு வரிசையாகப் பைன் கிளைகளை நட்டு வைப்போம். அந்த வேலையை ஊர் என்னிடம் கொடுத்திருந்தது. நான் கல்லூரியில் நிலஅளவை படித்தவன். பள்ளியில் கணக்கு ஆசிரியன்.

கைதி ப்ரூவிட்டை மரத்தில் தொங்கவிட்டது யார் என்று கேட்டீர்கள். நான் கயிற்றைத் தொடவில்லை. ஆனால் அந்தக் கிளைகளில் தொடங்காமல் இதைச் சொல்ல முடியாது.

அடிமைமுறையை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது பாவம். ஆனால் அக்கரையில் அடிமைகளாக இருந்து தப்பி வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பது குற்றம் என்று சட்டம் இருந்தது. சட்டத்தைச் சட்டத்தால்தான் மாற்ற வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் சொல்வேன். என் மனைவி தபிதா எதிர்த்துப் பேசமாட்டாள். "சரிங்க, சூப் ஆறுது" என்பாள். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

போருக்கு முந்தைய அந்தக் குளிர்காலங்களில் ஒன்றில், நுரையீரலில் சளி கட்டி, அவள் இறந்தாள். இருபத்தாறு வயது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, நண்பகலில், ஈனோக் பின்வாசலுக்கு வந்தார். பீப்பாய் செய்கிறவர், எங்கள் கரையிலேயே பிறந்த கறுப்பர், யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா போனது எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குங்கய்யா. ஞாயித்துக்கிழம சாயங்காலம், எல்லாரும் கோயில்ல இருக்கிற நேரமாப் பாத்து, ஒரு குடும்பம் அக்கரையிலேர்ந்து வருது. புருசன், பொஞ்சாதி, ஒரு பொட்டப்புள்ள. கிளை வெச்ச வழி தாங்குமா? அம்மா இருந்தா உங்ககிட்ட கேட்டுச் சொல்லிருவாங்க."

தபிதா செய்துவந்தது எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் அவர் வந்திருந்தார்.

ஆமாம், அவள் கேட்பாள். "இன்னிக்கு ஐஸ் எப்படிங்க இருக்கு?" என்று மாலையில் என் காலணியைக் கழற்றும்போது கேட்பாள். என் வேலையில் அவளுக்கு அக்கறை என்று நினைத்து, எங்கே கெட்டி, எங்கே மெல்லிசு என்று விளக்கமாகச் சொல்வேன். நாளில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

"தாங்கும்," என்றேன். அன்றைக்குத் தாங்கியிருக்கும்.

அவள் தம்பி அசாவிடம் போனேன். அவன் மறைக்கவில்லை. தையல் கூட்டம் என்று அவள் போனதெல்லாம் ஆற்றங்கரைக்கு. நவம்பரில் ஓடையில் வழுக்கி விழுந்தேன் என்று நனைந்து வந்தாளே, அன்றைக்குப் படகிலிருந்து யாருடைய குழந்தையையோ வாங்குவதற்காக இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறாள். அந்த இருமல்தான் அவளைக் கொண்டுபோனது. பாதிரியாரின் மனைவிக்குத் தெரியும். மாவு மில்காரருக்குத் தெரியும். என்னைத் தவிர ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"உங்ககிட்ட எப்படி மச்சான் சொல்றது?" என்றான் அசா. "சட்டப் புத்தகத்தத் தூக்கிட்டு உக்காந்துருவீங்க. அக்காதான் வேணாம்னுச்சு."

"என்ன சொன்னா?"

சொல்லலாமா என்று யோசித்தான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை.

"'நல்லவருதான்டா, ஆனா பயந்தாங்கொள்ளி'ன்னுச்சு. விடுங்க மச்சான், ஊர்ல முக்காவாசி அந்த ரகந்தான். உங்களுக்காச்சும் ஐஸைப் பத்தித் தெரியும்."

நான் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். காபி போட்டுக் குடித்தேன்.

எங்கள் ஊரில் குளிர்காலம்தான் பன்றி அறுக்கும் காலம். பன்றியின் மயிர் நீக்கிய வெந்நீரையெல்லாம் அறுப்புக் கொட்டகைக்காரர்கள் வாய்க்கால் வழியாக ஆற்றில் விடுவார்கள். அந்த இடத்தில் பனி ஒருபோதும் கெட்டியாகாது. சனிக்கிழமை மாலை வேலை நின்றதும் மேலே தோல்போல மெல்லிய பனி படியும். அதன் மேல் பனித்தூள் விழுந்தால் மற்ற இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஞாயிறு பிற்பகல் கோடரியும் கையுமாக ஆற்றில் இறங்கினேன். வழியைச் சரி செய்வது என் வேலை. யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கரையோரம் இருந்த கிளைகளைப் பிடுங்கி, வாய்க்கால் முகத்தை நோக்கி மெல்ல வளைத்து நட்டேன். ஒழுங்கான வளைவு. தூரத்திலிருந்து பார்த்தால் நேர்க்கோடாகத்தான் தெரியும்.

பனி விரிசல் விட்டால் சத்தம் கேட்கும், பயந்து திரும்பிவிடுவார்கள், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெல்லிய பனி சத்தம் போடாது. வகுப்பில் அதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்.

பிறகு கோயிலுக்குப் போனேன். முதல் பாட்டுக்கு எழுந்தபோது அசாவின் இடம் காலியாக இருந்தது. அவர்களை எதிர்கொண்டு அழைத்துவரப் போயிருக்கிறான் என்று புரிந்தது. வெந்நீர் விழும் இடம் அவனுக்கும் தெரியும். ஆனால் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைவிடக் கிளையைத்தான் நம்பியிருப்பான். நட்டது மச்சான் அல்லவா. வாசலுக்குப் போக எனக்கு நேரம் இருந்தது. நீளமான பாட்டு. கடைசிச் சரணம் வரை பாடினேன்.

கரையில் காத்திருந்த ஈனோக்கால் புருஷனை மட்டும்தான் இழுத்துப் போட முடிந்தது. அந்தப் பெண்ணும், சிறுமியும், அசாவும் பனிக்கு அடியில் போய்விட்டார்கள்.

கிளைகள் இடம் மாறியிருந்ததைக் காலையில் ஊரே பார்த்தது. யார் மாற்றியது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அவர்களிடம் பெயர் தயாராக இருந்தது: அக்கரை ப்ரூவிட். தப்பி ஓடுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். ஈனோக் மட்டும் கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "தாங்கும்னு சொன்னீங்களேய்யா," என்றார். அந்த வசந்தத்தில் கனடாவுக்குக் குடிபோய்விட்டார்.

எங்கள் ஆட்கள் ப்ரூவிட்டின் படகுத்துறையைக் கொளுத்தினார்கள். அக்கரைக்காரர்கள் வந்து மில்காரரின் மகனைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு உறைந்தாலும் யாரும் கடக்கவில்லை. இரண்டு கரையிலும் பையன்கள் ராணுவ நடை பழகினார்கள். போர் எங்கேயோ தெற்கே ஒரு கோட்டையில் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது பழைய செய்தி. படைக்கு ஆள் சேர்த்த நாளில் பேசச் சொல்லி என்னைத்தான் அழைத்தார்கள். மனைவியையும் மைத்துனனையும் இழந்தவன், படித்தவன். கிளைகளைப் பற்றிப் பேசினேன். என் மாணவர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டு அவர்களோடு வந்தேன். அவர்களில் பலரை நானே புதைத்திருக்கிறேன்.

மிஞ்சியிருக்கிறவர்களிடம் நேற்று ப்ரூவிட் எதிர்ப்படைக் கைதியாக வந்து மாட்டினான்.

"டேய், நான் ஆளப் புடிச்சுக் குடுத்தாத்தான்டா எனக்குக் காசு," என்றான். "தண்ணில முழுகுனவனுக்கு எவன்டா காசு குடுப்பான்? கொஞ்சமாச்சும் யோசிங்கடா."

சரியான கேள்வி. பையன்களுக்கும் அது உறைத்தது. கயிற்றை வைத்திருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சார், நீங்க சொல்லுங்க சார். அன்னிக்கு நீங்க எப்படி வெச்சிருந்தீங்க?"

"நேராகத்தான் வைத்திருந்தேன்," என்றேன்.

பிறகு அவர்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. கயிறு அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அவர்களைத் தண்டிக்காதீர்கள், என் பேச்சை நம்பினார்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். தபிதாவிடம் மட்டும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, கேப்டன். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் யாரையும் காட்டிக் கொடுக்கிறவன் இல்லை.