ட்ரூடி வீட்டுத் தவளைகள்

அன்னாசிப்பழம் வாங்கினால் உடனே வெட்டக் கூடாது. ஒரு நாள் தலைகீழாக நிறுத்தி வைத்தால் அடியில் தேங்கிய இனிப்பு பழம் முழுவதும் பரவும் என்பது என் நம்பிக்கை. இந்தத் தட்டில் இருப்பது அப்படி வைத்து வெட்டியதுதான். எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. விவசாய இலாகாவிலிருந்து விசாரிக்க வந்தவர் பழம் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இருக்காது. நான் நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மோமி மெடெய்ரோஸ். ஹொனலூலுவில் இதே பள்ளத்தாக்கில், இதே சந்தில் பிறந்தவள். கணவர் எர்னி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யூகலேலி என்கிற குட்டிக் கிட்டார் வாசிப்பார், சுமாராக. ஒவ்வொரு வருடமும் மே முதல் தேதி, ஊரே பூமாலை போட்டுக்கொள்ளும் நாளில், எங்கள் கார் கொட்டகையில்தான் சந்துக்கே விருந்து. காரை வெளியே தள்ளிவிட்டு மடக்கு மேசைகளைப் போட்டு வாழை இலை விரிப்பேன். நடுவில் குண்டுமல்லிச் சரத்தை நீளமாகப் போடுவேன். குழியில் வேகவைத்த பன்றி இறைச்சி, சேப்பங்கிழங்குக் கூழ், உப்புப் போட்ட பச்சை மீன். அலங்காரம் என்று தனியாக எதுவும் கிடையாது. தீவில் இருப்பவளுக்குத் தீவு மாதிரி இருக்க வேண்டும் என்ற கவலை எதற்கு?

ட்ரூடி நல்லவள். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மின்னசோட்டாவில் புருஷன் செத்த பிறகு அங்கிருந்த பனியையெல்லாம் விட்டுவிட்டு எதிர் வீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த கையோடு சுவர் முழுக்க வாழை இலை போட்ட காகிதம் ஒட்டினாள். பிரம்பு நாற்காலிகள் வந்தன. அன்னாசி வடிவத்தில் விளக்கு, கொட்டாங்கச்சியில் கோப்பை, மேசைக்குப் புல் பாவாடை. மெத்தைத் திண்டுகளில் எல்லாம் ஃபிளமிங்கோப் பறவை. இந்தத் தீவில் ஃபிளமிங்கோவைப் பார்க்க வேண்டுமென்றால் மிருகக்காட்சிசாலைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சொல்லித் திருத்துவது என் சுபாவம் இல்லை.

வந்த அன்று என்னை மோமி என்றாள். பிறகு யாரோ, இங்கே மரியாதைக்கு ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மோமி ஆன்ட்டிதான். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் மே முதல் தேதி அவளும் விருந்து வைத்தாள். தெரியாமல் வைத்ததுதான். எல்லோரும் முதலில் என் கொட்டகைக்குத்தான் வந்தார்கள். சாப்பிட்டார்கள். மிச்சத்தைத் தட்டில் போட்டு அலுமினியத் தாளைச் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு சதோரு அங்கிள், எண்பது வயது, இடுப்பு வலிக்காரர், அவரும் போனார். எர்னி யூகலேலியை எடுத்தார்.

"அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன், மோமி."

"எட்டிப் பாக்க யூகலேலி எதுக்கு?"

"சும்மா, கைக்குத் துணையா."

நான் பாத்திரம் கழுவித் துடைத்து அடுக்கி, மேசைகளை மடக்கி, காரை உள்ளே விட்ட பிறகுதான் வந்தார். போகும்போது பழைய வெளிறிய நீலச் சட்டை. வரும்போது உடம்பெல்லாம் பச்சைக்கிளி. ட்ரூடி தன் ஜன்னல் திரைத் துணியிலேயே வந்தவர்களுக்கெல்லாம் சட்டை தைத்து வைத்திருந்தாளாம். என் புருஷன் எதிர் வீட்டு ஜன்னலுக்குப் பொருத்தமாக வாசலில் நின்றார்.

"நல்லாருக்கில்ல?" என்றார்.

நல்லாருக்கு என்றேன். பொறாமை என்று நீங்கள் எழுதத் தொடங்குவது தெரிகிறது. அடித்துவிடுங்கள். இது தவளை சம்பந்தப்பட்ட விஷயம்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். அவள் தோட்டத்தில் ஒரு பாறை இருந்தது. பாறை இல்லை, ஸ்பீக்கர். அதிலிருந்து காட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பறவை, அலை, என்னென்னவோ.

"ரெக்கார்டிங்தான், மோமி ஆன்ட்டி," என்றாள் ட்ரூடி. "எனக்கு நிஜமான தீவுச் சத்தம் வேணும். ராத்திரி கண்ண மூடினா அது காதுல விழணும். எங்க கிடைக்கும்?"

அவளே கேட்டாள். எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் சொல்வேன். அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

பெரிய தீவில், ஹீலோவில் என் தங்கை லெஹுவா இருக்கிறாள். அவள் வீட்டில் இரவு பேசிக்கொள்ள வேண்டுமென்றால் கத்த வேண்டும். கோக்கீத் தவளை. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். பொழுது சாய்ந்தால் "கோ-கீ, கோ-கீ" என்று விடியும்வரை. ஒன்று கத்தினால் விசில் மாதிரி இருக்கும். ஆயிரம் கத்தினால் தலைமாட்டில் புல் வெட்டும் இயந்திரம் ஓடுவது மாதிரி. அங்கே சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அது கிடையாது. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது குற்றம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

தங்கையைப் பார்க்கப் போனேன். அவள் தோட்டத்தில் புரோமிலியாட் நிறைய. அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி, இலைகளுக்கு நடுவில் கிண்ணம் போலத் தண்ணீர் நிற்கும். அந்தக் கிண்ணத்தில்தான் தவளைக்குக் குடித்தனம். நல்ல சிவப்பு நிறத்தில் சில செடிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்தான் கத்தும். ஆனால் ஆணை மட்டும் கொண்டுபோனால் பரிசு ஒரு வருடத்தில் தீர்ந்துபோகும். ஆகவே பெண்ணும் முட்டையும் இருக்கும்படி பார்த்து எடுத்தேன். ஐஸ் போடாத ஐஸ்பெட்டியில் ஈரத் துண்டு சுற்றி வைத்தேன்.

"என்னக்கா பெட்டில?" என்றாள் லெஹுவா.

"எர்னிக்கு மீன்."

விமான நிலையத்திலும் மீன் என்றேன். பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். விமானம் மேலே ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு "கோ-கீ" வந்தது. இருமினேன். இன்னொன்று வந்தது. இன்னும் பலமாக இருமினேன். பக்கத்து இருக்கைப் பெண் பாவம், இருமல் மிட்டாய் கொடுத்தாள். இந்த உலகத்தில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ட்ரூடி அப்போதுதான் பின்பக்கத் தாழ்வாரம் கட்டி முடித்திருந்தாள். செடிகளைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். மேசை நடுவில் ஒன்று, குளியலறையில் ஒன்று, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒன்று என்று வைத்தாள். படுக்கையறை யோசனை என்னுடையது.

ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தால் பாரபட்சம் ஆகிவிடும். சதோரு அங்கிள் ஆர்க்கிட் பந்தலுக்குக் கீழே ஒரு செடி வைத்தேன். மூலை வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். அவர்கள் வேலிக்குள் ஒன்று. எங்கள் தோட்டத்திலும் ஒன்று வைத்தேன், இல்லாவிட்டால் எங்கள் வீடு மட்டும் தனியாகத் தெரியும். மிச்சத்தை அருவிக்குப் போகும் பாதையில் விட்டேன். பெட்டிக்குள் அவற்றுக்கு மூச்சு முட்டியது.

முதல் தவளை கத்தியபோது ட்ரூடி ஓடி வந்தாள். "கேட்டீங்களா, மோமி ஆன்ட்டி? எவ்ளோ அழகு."

ஜனவரிக் குளிரில் அடங்கும் என்று எர்னி சொன்னார். அடங்கவில்லை. பிப்ரவரிக்குள் சந்தில் யாரும் தூங்கவில்லை. சதோரு அங்கிள் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார், அவர் ஒருவர்தான். மூலை வீட்டுத் தம்பதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்தார்கள். போகும்போது குழந்தைக்கு நான் பின்னிய போர்வை ஒன்று கொடுத்தேன். அருவிப் பக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். இனி ஒழிக்கவே முடியாது என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். பழம் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயக் கூடத்தில் சந்துக்காரர்கள் கூடினார்கள். யார் வீட்டிலிருந்து தொடங்கியது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது ட்ரூடியை. தோட்டத்தில் அத்தனை செடி வைத்திருப்பவள் அவள்தானே.

"அலங்காரமாம் அலங்காரம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மின்னசோட்டாவுலயே பண்ணிக்க வேண்டியதுதான?"

ட்ரூடி எழுந்து நின்றாள். எந்தக் கடைச் செடியில் வந்ததோ தெரியவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லி அழுதாள். நான் கொடுத்த செடிகள் அவள் நினைவுக்கே வரவில்லை. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றாள். சாமான் கட்ட அட்டைப்பெட்டிகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டும் டேப்பும் கொடுத்தேன்.

அதோடு எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரூடி டார்ச்சும் ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொண்டு சதோரு அங்கிள் வாசலில் போய் நின்றாள். "நான் கொண்டு வந்தது. நானே பிடிக்கிறேன், அங்கிள்," என்றாள். அவருக்குக் காது கேட்கவில்லை, ஆனால் டார்ச்சைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அடுத்த வெள்ளி நாலு வீட்டிலிருந்து வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி சந்தே வந்தது. பிடித்து முடித்ததும் அவள் தாழ்வாரத்தில் சூப்பும் ரொட்டியும். வாசலில் ஒரு கொட்டாங்கச்சி நிறையக் காதுப் பஞ்சு. எல்லோருக்கும் தவளை அச்சடித்த சட்டை. தவளைச் சத்தத்துக்குத் தாளம் பிசகாமல் எர்னி யூகலேலி வாசிக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தாளத்தோடு வாசித்து நான் கேட்டதில்லை.

"நீங்களும் வாங்க, மோமி ஆன்ட்டி," என்று ஒவ்வொரு வாரமும் கூப்பிடுகிறாள். "நீங்க இல்லாம என்னவோ மாதிரி இருக்கு."

போகிறேன். சூப்பில் உப்புக் குறைவு.

போன வாரம் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். இந்த மே முதல் தேதி விருந்து ட்ரூடி வீட்டில்தானாம். எர்னி கை தூக்கினார். சந்து முனையில் துணிப் பதாகைகூடக் கட்டிவிட்டார்கள், வரும்போது பார்த்திருப்பீர்கள். "ட்ரூடி வீட்டுத் தவளைகள், அனைவரும் வருக" என்று பெரிய எழுத்தில். தொலைக்காட்சிக்காரர்களும் வருகிறார்களாம்.

அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மனசாட்சிதான், வேறொன்றும் இல்லை. செய்யாத காரியத்துக்கு ஒரு நல்ல பெண் பேர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

தேர்ந்தெடுத்தவள் நான். விமானத்தில் இருமியவள் நான். இந்தப் பள்ளத்தாக்கில் இன்று கத்தும் ஒவ்வொரு தவளையும் நான் கொண்டுவந்ததன் வம்சம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். அபராதம் எவ்வளவானாலும் சரி.

ஒரே ஒரு உதவி, தம்பி. அந்தத் துணிப் பதாகையைத் திருத்தச் சொல்ல உங்கள் இலாகாவுக்கு அதிகாரம் இருக்கும் இல்லையா? மே முதல் தேதிக்குள் செய்துவிடுங்கள். மெடெய்ரோஸ். எழுத்துப் பிழை இல்லாமல் போடச் சொல்லுங்கள்.