பாயை விலக்கியவன்

இந்தக் கோகோ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ஆப்பியா நகரத்துக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் போடுவீர்கள் போலிருக்கிறது. குடித்துக்கொண்டே சொல்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

ஃபெரெட்டி என் பக்கத்து வீட்டுக்காரன். என் தம்பி சியோனே லாரியைப் பின்னால் எடுத்தபோது, ஃபெரெட்டியின் ஒரே மகன் தோமாசி சக்கரத்தில் சிக்கி இறந்துபோனான். எங்கள் குடும்பத் தலைவன் நான். சமோவாவில் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், உங்களுக்குத் தெரியாததா? விடிவதற்கு முன்பே அவன் வாசலில் போய் உட்கார்ந்து, எங்கள் வீட்டிலேயே உசத்தியான பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டேன். அவர்கள் பாயை விலக்கினால் மன்னிப்பு. இல்லையென்றால் வெட்டுக்கத்தி. மன்னிக்கிறவர்கள்கூட உச்சி வெயில் வரைக்கும் உட்காரவைப்பார்கள். செத்தவனுக்கு அதுதான் மரியாதை, உட்கார்ந்திருப்பவனுக்கும் அதுதான் மரியாதை.

ஃபெரெட்டி வெயில் ஏறும் முன்பே வந்து பாயை விலக்கிவிட்டான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எந்திரி மலாகி. உனக்குத்தான் முட்டி வலி இருக்கே, எவ்ளோ நேரமா இப்படி உக்காந்திருக்க? உள்ள வா, மசீனா கோகோ காய்ச்சிட்டா."

மகனைப் புதைக்கப்போகிற நாளில் அவனுக்கு என் முட்டி வலி ஞாபகம் இருந்திருக்கிறது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதன் பிறகு ஊரில் வேறு பேச்சே இல்லை. பாதிரியாரின் பிரசங்கத்தில்கூட அவன்தான். நானோ சின்ன வயதிலிருந்தே கோயில் காரியங்களில் ஊறியவன், ஊருக்கே ஜெபம் சொல்லித் தந்தவன். மன அமைதி என்று ஒன்று எங்கள் ஊருக்கு வந்தால், முறைப்படி என் வீட்டுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும். எதையும் இழக்காத நான் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் சில மாதங்களில் வலையைச் சரிபார்த்துக்கொண்டே சீட்டியடித்தான்.

"மனுஷன்னா ஃபெரெட்டி மாதிரி இருக்கணும்" என்றாள் என் மனைவி. "கெழங்கு வேகலைன்னாலே நீங்க நாலு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறீங்க."

வயிறு எரிந்தது, ஐயா. மறைப்பானேன். ஆனாலும் நான் நியாயம் பார்க்கிறவன். அவனுடைய அமைதி நிஜமா வேஷமா என்று தெரியாமல் வெறுப்பது சரியில்லை. அதனால் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் அவனுடைய சினைப் பன்றிக்கு விஷம் வைத்தேன். விசாரிக்கப் போனேன். "எலிக்கு வெச்சத தின்னிருக்கும், விடு" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கிழங்கு கட்டிக் கொடுத்து அனுப்பினான். அடுத்து, தோமாசி நட்டிருந்த சீமைப்பலா மரத்தின் வேரில் கொதிக்கும் கடல்தண்ணீரை ஊற்றினேன். மரம் பட்டுப்போனது. அன்றைக்கு அவன் கண் கலங்கியதைப் பார்த்தேன். கொஞ்சம் நம்பிக்கை வந்தது. மறுநாள் பார்த்தால் அதே சீட்டி.

மிச்சமிருந்தது அவனுடைய தோணிதான். அது கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் வைக்கும் மிதவைக் கட்டையைத் தென்னை நார்க்கயிற்றால் கட்டியிருந்தான். கட்டுகளை அடிப்பக்கமாகப் பாதி அறுத்து, வெளியே தெரியாதபடி சுற்றிவைத்தேன். நனைந்து, நீந்திக் கரையேறி, ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். காற்று பலமாக அடித்த நாளாகப் பார்த்தது உண்மைதான்.

பவளப்பாறைகளுக்கு இடையில், தண்ணீர் வெளிக்கடலுக்கு இழுக்கும் இடத்தை அவன் தாண்டும்போது மிதவை கழன்றது. என் தோணி என் பக்கத்திலேயே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. கால் நனைய நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான். காப்பாற்ற இறங்குகிறேன் என்று நினைத்தான் போல, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான்.

"வராத மலாகி. இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. கரைக்குப் போ, போயிடு."

அப்புறம் தலை தெரியவில்லை.

துக்கத்தின்போது அவன் மனைவி மசீனா என்னிடம் வந்தாள். "கடைசியா அவரப் பாத்தது நீங்கதான். என்ன சொன்னாருண்ணே?"

"கோவமா இருந்தான். திட்டிக்கிட்டேதான் போனான்" என்றேன்.

"அவரா?" என்று கேட்டவள், அத்தனை அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல்தான் நானாக உங்களிடம் வந்தேன். கயிற்றை அறுத்தது நான். அவனைச் சாகவிட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே, கடைசியில் அவனுக்குக் கோபம் வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அரசாங்கக் காகிதத்தில் இருந்தால் மசீனாவும் நம்புவாள். கோபம் இல்லாமல் ஒரு மனிதனால் அவ்வளவு சத்தமாகக் கத்த முடியாது, ஐயா.