குரல் இருக்கும்போதே

அப்பா: அதில்லடா... நான் எப்பவும் போற கடை இன்னைக்குப் பூட்டியிருந்துச்சு. அதான் உன் சலூனுக்கு வந்தேன். வேற எதுவும் நெனச்சுக்காத.

மகன்: நான் எதுவும் நெனைக்கலப்பா. உக்காருங்க.

அப்பா: ஷேவிங் மட்டும்தான்.

மகன்: சரி.

அப்பா: பேச்சு கீச்செல்லாம் வேணாம்.

மகன்: சரிப்பா.

அப்பா: ...ரெண்டு வருஷம் கழிச்சு அப்பன் வந்து உக்காந்திருக்கேன். சரி சரிங்கற. வேற வார்த்தையே கெடைக்கலயா உனக்கு?

மகன்: பேச்சு வேணாம்னு நீங்கதான...

அப்பா: சொன்னா உடனே கேட்டுருவியா? என்னைக்குடா நான் சொன்னதக் கேட்டிருக்க நீ?

மகன்: தலையச் சாச்சு வைங்க. கழுத்துக்குத் துண்டு கட்டணும்.

அப்பா: இறுக்காத.

மகன்: இறுக்கலப்பா. தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டுமா, பச்சத்தண்ணியே போதுமா?

அப்பா: வெந்நி எல்லாம் வச்சிருக்கியா? பெரிய ஆளாயிட்ட போல.

மகன்: ஆமா, பெரிய ஆளு. ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். அந்த ஃபேனும் நெனச்சா சுத்தும்.

அப்பா: ம்... கண்ணாடியில என்னடா இவ்வளவு பெரிய விரிசல்?

மகன்: கல்லு பட்டுச்சு.

அப்பா: எப்போ?

மகன்: ஆயிருச்சு ஒன்றரை வருஷம். வாய மூடுங்க, நுரை உள்ள போயிரும்.

அப்பா: மாத்த வேண்டியதுதான?

மகன்: விரிசல்ல பாத்தா எல்லாருக்கும் ரெண்டு மூக்கு தெரியுது. வர்றவங்க சிரிக்கறாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

தபால்காரர்: தம்பி, ஆளு இருக்காங்களா? கட்டிங் பண்ணணுமே... அட! யாரு இது? டிரைவர் ஐயாவா?

அப்பா: ம்.

தபால்காரர்: இந்த நாற்காலியிலயா? என் கண்ணு சரியாத்தான் தெரியுதா?

மகன்: அண்ணே, ஒரு அர மணி கழிச்சு வாங்களேன்.

தபால்காரர்: வர்றேன், வர்றேன். இல்ல... இந்தக் கடைப் பக்கம் தலைய வச்சுப் படுக்காதன்னு என்னை நடுரோட்டுல நிறுத்திச் சொன்னவரே ஐயாதான். நானும் ரெண்டு மாசம் காடு மாதிரி முடி வளத்துக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப அவரே வந்து...

மகன்: அண்ணே, லெட்டர் ஏதாவது இருக்கா எனக்கு?

தபால்காரர்: இல்லப்பா.

மகன்: அப்ப அர மணி கழிச்சு வாங்க.

தபால்காரர்: புரிஞ்சுது, புரிஞ்சுது. ஐயா, நல்லா சாஞ்சு உக்காருங்க. தம்பி கை பூ மாதிரி இருக்கும்.

அப்பா: ...போயிட்டானா?

மகன்: போயிட்டாரு.

அப்பா: வாய மூட மாட்டான் அவன். தபால்ல போடற விஷயத்தையும் வாயாலயே சொல்லிட்டுப் போயிருவான்.

மகன்: நல்ல மனுஷன்ப்பா. முதல்ல திரும்பி வந்தது அவருதான்.

அப்பா: டேய்...

மகன்: ம்?

அப்பா: அவன் சொன்னது நிஜம். நீ சபையில சேந்துட்டங்கற கோவத்துல, இங்க போகாதீங்கன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொன்னது நான்தான். ஆனா கல்லு... கல்லெறியச் சொல்லல. அது எவனோ தானா பண்ணது.

மகன்: தெரியும்.

அப்பா: எது தெரியும்?

மகன்: ரெண்டும் தெரியும்ப்பா. தாடைய இப்படித் திருப்புங்க.

அப்பா: யாரு எறிஞ்சான்னு தெரியுமா?

மகன்: தெரியும். மாசம் ஒரு தடவ வந்து முடி வெட்டிக்கறாரு. அந்த விரிசல நேருக்கு நேரா பாக்க மாட்டாரு, பாவம். காலண்டரையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

அப்பா: அவன் கழுத்துல கத்திய வைக்கறப்ப உனக்கு ஒண்ணும் தோணலயா?

மகன்: முதல் தடவ தோணுச்சு. கத்திய வச்சிட்டுப் பின்பக்கம் போனேன். ஜெபம் பண்ணேன். முகத்தக் கழுவிட்டு வந்து மழிச்சேன்.

அப்பா: சிடுமூஞ்சின்னுதான உனக்கு வீட்ல பேரே. சாதம் கொழஞ்சிருந்தா தட்டு பறக்கும். நீயா இது?

மகன்: சிடுமூஞ்சிதான்ப்பா. இன்னும் முழுசா போகல. உங்க மருமகளக் கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்லுவா.

அப்பா: அவ நல்லா இருக்காளா?

மகன்: நல்லா இருக்கா. ஆளே வராத மாசத்துல அவதான் தையல் மெஷினப் போட்டுக் குடும்பத்த ஓட்டுனா.

அப்பா: நீ ஏன் கடையப் பூட்டிட்டு வேற வேலைக்குப் போகல? வீராப்பா?

மகன்: வீராப்பு இல்ல. காலையில வந்து திறப்பேன், கூட்டுவேன், நாற்காலியத் துடைப்பேன். கத்தரிய எடுத்து எண்ணெய் போடுவேன். ஆளு வரலன்னா மறுபடியும் கூட்டுவேன். இவ்வளவு சுத்தமா இந்தத் தரை என்னைக்குமே இருந்ததில்ல.

அப்பா: பாத்தேன்.

மகன்: எங்க பாத்தீங்க?

அப்பா: எதிர்த்தாப்புல... பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்துக்கிட்டு.

மகன்: தெரியும்ப்பா. ஒரு நாள் பேப்பரத் தலைகீழா பிடிச்சிருந்தீங்க.

அப்பா: போடா... கண்ணாடி கொண்டு போகல அன்னைக்கு.

மகன்: சிரிக்காதீங்க. கத்தி இருக்கு.

அப்பா: நீ சிரிக்க வைக்காத. ...நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஒரு வாரம் ஈ ஓட்டுனா பய வழிக்கு வந்துருவான், சாமியும் வேணாம் சபையும் வேணாம்னு வீட்டுக்கு ஓடி வந்துருவான்னு நெனச்சேன். ரெண்டு மாசம்! உன் முகம் மாறவே இல்ல. எனக்கு அதுதான் எரிச்சல். உள்ளுக்குள்ள என்னத்த வச்சுக்கிட்டு இப்படி உக்காந்திருக்கான்னு...

மகன்: மாறுச்சுப்பா. நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்தீங்க. கிட்ட வந்து பாக்கல.

அப்பா: அப்ப... அழுதியா?

மகன்: அழுதேன். தம்பி கல்யாணத்துக்கு எனக்கு மட்டும் சொல்லாம விட்டீங்களே, அன்னைக்கு. காலையில அவனுக்கு யாரு ஷேவ் பண்ணி விட்டிருப்பாங்கன்னு நெனச்சு நெனச்சு... கடைக்குள்ள ஷட்டர பாதி எறக்கிட்டு இதே நாற்காலியில உக்காந்து ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன். உம்ம நம்பித்தான வந்தேன், இதுதானா நீர் குடுக்கறதுன்னு கத்துனேன்.

அப்பா: அப்புறம்?

மகன்: கத்தி முடிச்சதும் தூங்கிட்டேன்.

அப்பா: என்னது?

மகன்: சத்தியமா. சின்னப் பையன் அழுது களைச்சுத் தூங்குவானே, அந்த மாதிரி. எழுந்திரிச்சப்ப ஊரு அதே ஊருதான், கடையில ஆளு இல்லதான். ஆனா உள்ள இருந்த எரிச்சல் அடங்கியிருந்துச்சு. யாரோ பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக் குடுத்துட்டு இருந்த மாதிரி... எனக்குச் சொல்லத் தெரியலப்பா. அன்னைக்கு சாயங்காலம் தம்பிக்காக ஜெபம் பண்ணேன். நல்லா வாழட்டும்னு. மனசாரச் சொன்னேன்.

அப்பா: இதெல்லாம் உனக்கு அந்தப் பெயின்டர்தான சொல்லிக் குடுத்தான்? சாரத்துல இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ அசைவில்லாம கெடக்கறானே...

மகன்: அவன் ஒண்ணுமே சொல்லலப்பா. மாசா மாசம் வீட்டுக்குப் போய் முடி வெட்டி விடுவேன். என்னை விட சின்னவன். படுத்த படுக்கை. நான் எவன் மேலயாவது எரிஞ்சு விழுந்துட்டுத்தான் அங்க போவேன். அவன் அந்தக் கட்டில்ல இருந்துக்கிட்டு, 'அண்ணே சாப்பிட்டீங்களா'ம்பான். ஒரு நாள் நானேதான் கேட்டேன்: உனக்கு எப்படிடா இப்படி இருக்க முடியுதுன்னு. அப்பதான் ஆண்டவரப் பத்திச் சொன்னான்.

அப்பா: நான் அவன் வீட்டுக்குப் போய்ச் சண்ட போட்டேன். தெரியுமா?

மகன்: சொன்னான். உங்களுக்குத் தண்ணி குடுக்க ஆளில்லாமப் போச்சேன்னு வருத்தப்பட்டான். அண்ணாந்து பாருங்கப்பா. கழுத்த நல்லா நிமித்துங்க.

அப்பா: அங்க மெதுவா.

மகன்: ஏன்... அப்பா. இது என்ன?

அப்பா: எது?

மகன்: இங்க. தொண்டைக்குப் பக்கத்துல. கெட்டியா இருக்கு.

அப்பா: கொழுப்புக் கட்டி. விடு.

மகன்: பத்து வருஷமா கழுத்த மழிச்சுட்டு இருக்கேன். கொழுப்புக் கட்டி விரலுக்கு அடியில நழுவும். இது நழுவல. எத்தன நாளா இருக்கு?

அப்பா: கைய எடுடா.

மகன்: அப்பா...

அப்பா: கண்ண ஏன்டா தொடைக்கற? கத்தி கையில இருக்கு, பாத்து.

மகன்: கத்திய வச்சிட்டேன். சொல்லுங்க.

அப்பா: நாளைக்கு ஆபரேஷன்.

மகன்: நாளைக்கா!

அப்பா: கழுத்துல ஒரு முடி இல்லாம சுத்தமா மழிச்சுட்டு வாங்கன்னு சொல்லி விட்டாங்க. அதுக்குத்தான்... வந்தேன்.

மகன்: அம்மாவுக்குத் தெரியுமா?

அப்பா: தெரியும். உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். நானே சொல்லிக்கறேன்னு.

மகன்: டாக்டர் என்ன சொல்றாரு?

அப்பா: எடுத்துரலாம்ங்கறாரு. பயப்படாதீங்கங்கறாரு. ஆனா குரலுக்குப் போற நரம்பு அதுலயே ஒட்டிக்கிட்டு இருக்காம். அத அறுக்க வேண்டி வந்தா... குரல் போனாலும் போயிரும்னு சொல்லிட்டாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனேன். ஹாரன் வேல செய்யாத அன்னைக்கும் வாயாலயே ஊர ஒதுங்க வச்சவன் நான். அந்தக் குரல் போகப் போகுதுன்னதும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? கடைசியா உன்கிட்ட என்ன பேசுனேன்னு நெனச்சுப் பாத்தேன்டா.

மகன்: அதெல்லாம் இப்ப எதுக்குப்பா...

அப்பா: 'என் வீட்டுப் படிய மிதிக்காத, நீ செத்தாலும் வர மாட்டேன்'னேன். அதுதான்டா கடைசி. அதோட இந்த வாய் மூடிக்கிச்சுன்னா... வேணாம்டா. அது கடைசியா இருக்க வேணாம்.

மகன்: இருக்காது. இருக்காதுப்பா. இங்க பாருங்க, இவ்வளவு நேரம் பேசிட்டீங்களே. பேச்சு வேணாம்னு சொல்லிட்டு எவ்வளவு பேசிட்டீங்க.

அப்பா: குறுக்க பேசாத. சொல்லி முடிச்சிடறேன். உன் சாமி எனக்கு வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் உனக்குப் பண்ணது தப்பு. பெத்த பிள்ளை சோத்துல மண்ணப் போட்டேன்.

மகன்: அப்பா, போதும்.

அப்பா: மன்னிச்சிருடா.

மகன்: எப்பவோ ஆயிருச்சுப்பா அது. கையக் குடுங்க.

அப்பா: பயமா இருக்கு. யாருகிட்டயும் சொல்லல. உங்கம்மா முன்னாடி மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியறேன்.

மகன்: பயப்படுங்க. என்கிட்ட பயப்படலாம்.

அப்பா: உன்... உன் ஆண்டவர்கிட்ட எனக்காகக் கேக்க முடியுமா? இவ்வளவு எதிர்த்தவனுக்குச் செய்வாரா?

மகன்: ரெண்டு வருஷமா உங்களுக்காகத்தான கேட்டுட்டு இருக்கேன்.

அப்பா: என்னன்னு கேட்ட? அப்பனுக்குப் புத்தி வரணும்னா?

மகன்: இல்ல. அப்பா ஒரு நாள் வருவாரு, அன்னைக்கு என் வாய் தாறுமாறா எதுவும் பேசிடக்கூடாதுன்னு.

அப்பா: ...அது நடந்திருச்சு போலயே.

மகன்: ஆமாப்பா. வேர்த்துக் கொட்டுது எனக்கு, ஆனா நடந்திருச்சு.

அப்பா: இப்ப கேளு. சத்தமா கேளு, நானும் கேக்கறேன். நீட்டி முழக்காத.

மகன்: ஆண்டவரே... எங்கப்பா பயந்திருக்காரு. நாளைக்கு அந்தக் கட்டில்ல அவர் தனியா படுக்கக்கூடாது. என் பக்கத்துல உக்காந்த மாதிரி அவர் பக்கத்துலயும் உக்காரும். டாக்டர் கைய நிதானமா வச்சுக்கும். குரல் இருந்தாலும் போனாலும் எங்கப்பா எனக்கு வேணும். ஆமென்.

அப்பா: ...அவ்வளவுதானா?

மகன்: அவ்வளவுதான்.

அப்பா: மூச்சு கொஞ்சம் லேசா இருக்குடா.

மகன்: சாஞ்சு உக்காருங்க. கொஞ்சம்தான் பாக்கி. அந்த எடத்துல கத்தி படாம நானே பாத்துக்கறேன்.

அப்பா: ம். உன் கை நிஜமாவே பூ மாதிரிதான் இருக்கு.

மகன்: நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட யாருப்பா வர்றாங்க? தம்பியா? நானும் வந்து வெளிய ஒரு ஓரமா நின்னுக்கட்டுமா? யாரு கண்ணுலயும் படாம...

அப்பா: ஓரமா நின்னா எப்படிடா? என்னால பேச முடியலன்னா எனக்காகப் பேசறது யாருன்னு ஆஸ்பத்திரி ஃபாரத்துல எழுதச் சொன்னாங்க. போன வாரமே உன் பேரக் குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் ஒரு வாரமா உன் கடை வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன்.