இன்றைய படம் வராவிட்டால்

கரமனையில் மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடும். அங்கிருந்து தொடங்கினால்தான் ஐயாவுக்கு விளங்கும். கோயம்புத்தூர் போலீஸ் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், வர அரை மணியாகும். அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

என் தங்கை விஷ்ணுப்ரியாவை 2005 தை மாதம் உங்கள் ஊரில் கட்டிக் கொடுத்தோம். அங்கே அவள் போனில் பேசினால் மாமியார் பக்கத்திலேயே நிற்பார். அதனால் தினம் ஒரு சித்திரக்கதை வரைந்து ஓர் இணையத்தளத்தில் போட்டாள். மூன்று கட்டம், வசனம் கிடையாது. சமையலறைச் சுவரில் ஒரு பல்லி, அதன் சேட்டைகள். பொழுதுபோக்கு என்று நினைத்து அந்த வீட்டில் விட்டுவிட்டார்கள்.

அந்தத் தளத்திலிருந்து அன்றன்றைய படத்தைத் தானே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எடுத்துவர நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன், லைப்ரரி என்போம். மற்ற புரோகிராமர்களும் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். இலவசமாகத்தான் கொடுத்தேன், ஜெர்மனியிலிருந்துகூட ஒருவர் பாராட்டி எழுதினார். அதில் ஒரு வசதி வைத்தேன். இன்றைய படம் கிடைக்காவிட்டால் பழைய படம் ஒன்றைக் கொடுக்கும். மழை நாளில் அம்மா ஏமாறக் கூடாது என்றுதான். பெண்ணின் படத்தைப் பார்க்காமல் அவளுக்குக் காலைக் காப்பி இறங்காது.

போன சித்திரையில் பல்லிக்கு வால் போயிற்று. வளர்ந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் பல்லி ஒரு ஊறுகாய் பாட்டிலுக்குள் இருந்தது, மூடி இறுக்கித் திருகியிருந்தது. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. எனக்கு இங்கே பக்கத்தில் ஸ்ரீவராகத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. தங்கை பெட்டியோடு திரும்பி வந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? நல்ல மனிதர்கள், சங்கடப்படுத்த மனம் வரவில்லை. லைப்ரரியில் நான்கே வரி சேர்த்தேன். நான் பார்த்துச் சரி என்று குறித்த படம் மட்டும் அம்மாவுக்குப் போகும், இல்லாவிட்டால் பழையது போகும்.

"இது முன்ன கண்டதாக்கும்னு தோணறதே, மஹேஷே" என்றாள் அம்மா ஒரு நாள்.

"பல்லின்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்மா" என்றேன். சிரித்துவிட்டாள்.

ப்ரியா ஒருமுறை போனில், "அண்ணா, படமெல்லாம் பாக்கறயோல்லியோ?" என்று கேட்டாள்.

"தினம் பாக்கறேன். நன்னா இருக்கு."

 சரி என்று போனை வைத்துவிட்டாள். அதை இன்னும் நான் மறக்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.

அதற்குப் பிறகு பதினோரு படங்கள் வந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனி மாதம் மாப்பிள்ளை என் மொபைலில் கூப்பிட்டு, ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார். ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு உங்கள் ஊருக்கு வந்தேன். காரியம் முடியும்வரை இருந்தேன். யார்மேலும் சந்தேகமில்லை என்று உங்கள் ஸ்டேஷனில் கையெழுத்தும் போட்டேன். ஆவணியில் எனக்குக் கல்யாணம், கோர்ட்டு கேஸ் என்று அலைய முடியாது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை கிடைத்து ப்ரியாவும் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். பழைய நல்ல படங்கள் இருநூறுக்குமேல் இருக்கின்றன, தினம் ஒன்று வருகிறது. இன்று காலையும் பார்த்தாள். "கொழந்தை அங்க சுகமா இருக்கா, அது போறும்" என்றாள்.

ஆமாம், அந்தப் படங்களில் ப்ரியா என்னைத்தான் கூப்பிட்டாள். முதல் நாளே எனக்குப் புரிந்தது. போயிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் கடைசியாகப் போட்ட படத்தை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பல்லி எங்கள் வீட்டு வாசற்படியில் நிற்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. ப்ரியா அதைச் சரியாக வரையவில்லை. எங்கள் வீட்டுக் கதவைப் பகலில் நாங்கள் சாத்துவதே இல்லை.