ரோசலினுக்கு ஈரம் ஆகாது

குன்னூர் வெயிலை நம்பித் துணி காயப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். பாதி காய்வதற்குள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த மலையில் எனக்கு ஒரே விரோதி ஈரம்தான்.

நான் சமைத்துப் பார்த்துக்கொள்ளும் பங்களாவின் பெரிய படுக்கையறையில் ஒரு படம் உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் யாரோ வெள்ளைக்காரர் வரைந்தது. ஜன்னலோரம் ஒருத்தி குனிந்து காலுறை ஓட்டையைத் தைத்துக்கொண்டிருப்பாள். ரோசலின் என்று நான்தான் பெயர் வைத்தேன். மத்தியானங்களில் நானும் ஊசியோடு எதிரே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்வேன். ‘மெட்டில்டா, வாயை மூடு’ என்று அவள் என்னை ஒருநாளும் சொன்னதில்லை. செத்துப்போன என் புருஷனுக்கு இல்லாத குணம் அது. ஈரம் பட்டால் அவள் கன்னத்தில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் மேகம் ஏறும்போதே அந்த அறை ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

பங்களாவை வாங்கிய கீர்த்திவாசன் கோயம்புத்தூரிலிருந்து மனைவி ஷண்முகப்ரியாவோடு வந்தார். சாப்பாட்டில் குறை சொல்லாத மனிதர். படத்தைப் பார்த்ததும், “இத நாளைக்கே சென்னைக்கு ஏலத்துக்கு அனுப்பிச்சரலாமுங்க அக்கா. இந்தச் செவுத்துல டிவி மாட்டிக்கலாம்” என்றார். நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். படம் என்ன ரேஷன் அரிசியா என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் காபி ஊற்றினேன்.

சாயங்காலம் அந்தப் பெண்ணுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. “ஏனுங்க அக்கா, ரூமுக்குள்ள கொஞ்சம் நெருப்பு வெக்க முடியுங்களா?”

நல்ல பெண். இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. இரும்புச் சட்டி நிறையக் கரி போட்டு, கனிந்ததும் அந்தப் பெரிய படுக்கையறையில் அவர்கள் கட்டிலோரம் வைத்தேன். கரி எரியும் அறையில் ஜன்னலை ஒரு சாணாவது திறந்து வைக்க வேண்டும். எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் அது தெரியும். கீழே இருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அந்த விஷக்காற்றுக்கு வாடைகூட இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலை அழுத்திச் சாத்தி, இடுக்கில் துணியும் திணித்தேன். ரோசலினுக்கு ஈரம் ஆகாதே. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. “கதகதன்னு இருக்குதுங்க அக்கா” என்றாள் அந்தப் பெண்.

காலையில் இருவருக்கும் நான் காபி போடவில்லை. வீணாகப் போகும்.

பழக்கதோஷம் என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். படம் என் அறைக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? கரிச்சட்டி வைப்பதற்கு முன்பே, சென்னைக்குக் கட்டி வைக்கிறேன் என்று சொல்லி நானே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கரிப்புகையும் அவளுக்கு ஆகாது.